பள்ளிவாசலின் சாய்ந்த கோடுகள்

அன்பு மகனுக்கு, படைத்தவன் உன்னைச் சுகமாக வைத்திருக்க வேண்டும். இங்கே உன் அத்தாவின் முட்டியைத் தவிர மற்ற எல்லாரும் நலம். உன் தங்கை வேலை மாறிவிட்டாள், புது ஆபீசில் ஏசி குளிர் தாங்காமல் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். போனில் நீ இருமியது கேட்டது, மருந்து குடித்தாயா. சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நீ நம் பள்ளிவாசலுக்குப் புதுக் கட்டடம் வரைந்து அனுப்பியதைப் பெற்றவளான நான் பள்ளிவாசல் செயலாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பழைய கல் மண்டபத்தை இடித்துவிட்டு, தூணே இல்லாத கூடம், மேலே பெரிய குவிமாடம். படத்தைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். இடிப்பதற்குச் சொல்லும் காரணத்தைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செயலாளர் செல்போனில் திசை பார்த்தாராம், கட்டடம் மக்காவைப் பார்க்கும் கிப்லா திசைக்கு நேராக இல்லையாம். பெரிய கண்டுபிடிப்பு. இந்தத் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி அது.

கட்டிய காலத்தில் கல்தச்சர்கள் எல்லா வீட்டுக்கும் போல இதற்கும் தெருவுக்கு நேராக நூல் பிடித்துவிட்டார்கள். தூண்கள் நின்று கூரைக் கல்லும் ஏறிய பிறகு, தொழ வந்த மாலுமி ஒருவர் நட்சத்திரம் பார்த்துவிட்டு, கட்டடம் கோணல் என்று சொன்னாராம். அன்றைக்கு இருந்தவர்கள் இடிக்கவில்லை. இமாம் நின்று தொழவைக்கும் மிஹ்ராப் மாடத்தைச் சுவருக்குள்ளேயே ஒரு பக்கமாகத் திருப்பிக் குடைந்தார்கள், தொழும் வரிசைகளுக்குத் தரைக் கல்லில் சாய்வாகக் கோடு வெட்டினார்கள். கட்டடம் எப்படியோ நிற்கட்டும், நாம் நேராக நிற்போம் என்று விட்டுவிட்டார்கள். இன்றும் புதிதாக வருகிறவர் பூ செதுக்கிய தூணைப் பார்த்துத்தான் நிற்பார், பக்கத்தில் இருப்பவர் தோளைத் தொட்டுத் திருப்பிவிடுவார். உங்களையும் அப்படித் திருப்பித்தான் நிறுத்தினார்கள் என்ஜினீயர் ஐயா, மறந்துவிட்டீர்களா.

துளைக்கல் சன்னல் வைத்த பெண்கள் அறை பக்கவாட்டில் இருக்கிறதே, அதே கோடுகள் அங்கேயும் வருகின்றன. உன் படத்தில் அந்த இடத்தில் செருப்பு வைக்கும் அலமாரி இருக்கிறது. வேறெங்காவது எங்களுக்கு இடம் விட்டிருக்கிறாயா என்று கண்ணாடி மாட்டிக்கொண்டு தேடினேன், கிடைக்கவில்லை. கேட்டதைத்தான் வரைந்தேன் என்று மட்டும் சொல்லாதே, உன்னை அப்படி வளர்க்கவில்லை.

இதைப் பற்றிப் பள்ளிவாசலில் போட்ட கூட்டத்துக்கு யாரும் கூப்பிடாமலே போனேன். பெண்களுக்கு அப்புறமா மாடியில பாத்துக்கலாம், இது உங்க பையன் போட்ட பிளான்தானேம்மா என்றார் செயலாளர். நான் பூகோள டீச்சரா இருந்தப்ப என் பையனுக்கே ஃபெயில் போட்டவ, இதுக்கும் அதே மார்க்தான் என்றேன். உன் அத்தா என் பக்கமும் பேசவில்லை, செயலாளர் பக்கமும் பேசவில்லை, முட்டியின் பக்கம் இருந்தார். மறுநாளிலிருந்து தெருப் பெண்கள் எல்லாரும் ஐந்து வேளையும் அந்த அறையில்தான் தொழுகிறோம். நடுவில் உள்ள நேரத்தில் யாராவது ஒருத்தி உள்ளே இருக்கிறாள், அறை காலியாவதே இல்லை. அத்தா இன்னும் வாய் திறக்கவில்லை, ஆனால் நொண்டிக்கொண்டே வந்து எங்களுக்கு டீ வைத்துவிட்டுப் போகிறார்.

மாதக் கடைசியில் புல்டோசர் வருமாம். வரட்டும். படத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று நீ செயலாளருக்கு எழுதினால் எனக்குச் சந்தோஷம். எழுதாவிட்டாலும் நீ என் பிள்ளைதான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் நான் அந்த அறையை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.

இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். இருமலை அலட்சியம் செய்யாதே. புல்டோசர் வருகிற அன்றைக்குப் போனை அணைத்து வைத்துவிடாதே, அம்மாவை வெளியே வரச் சொல்லு என்று அவர்கள் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். என்ன பதில் சொல்வாய் என்று இப்போதே யோசித்து வை.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா