பெயர்ந்து விழுந்த ஆறு டைல்ஸ்

லூபோ,

கோவிலுக்குப் போகிறேன். வர ஐந்து மணியாகும். முட்டைக்கோஸ் சூப் அடுப்பில் இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடு.

நேற்று நீ ஒட்டியதில் ஆறு டைல்ஸ் சமையல் மேடையில் விழுந்து கிடக்கின்றன. சுவரின் பெயிண்டும் கூடவே உரிந்து வந்திருக்கிறது. "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சியாடா?" என்று நேற்றே கேட்டேன். "தேய்க்க வேணாம்னு பசை டப்பாவுலயே போட்டிருக்குப்பா" என்றாய். வழவழப்பான பெயிண்டின் மேல் பசை எப்படி நிற்கும்?

உன் மனைவி டோரீன் இந்த டைல்ஸை ஒட்டச் சொல்லி ஒன்பது வருஷம் கேட்டாள். அவள் பிரிந்துபோன பிறகு ஒட்டுகிறாய். இன்று அவள் வரும்போது இதைப் பார்த்தால் மனம் மாறுவாள் என்று நம்புகிறாய். நேற்று நீ கடைக்குப் போயிருந்தபோது டோரீன் போன் செய்தாள். "மாமா, நான் திரும்பி வர்றதா இல்ல. துணிமணியும் தையல் மெஷினும் எடுத்துட்டுப் போயிடுவேன். நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

நம் குடும்பத்தில் யாரும் யாரிடமும் கெஞ்சியதில்லை. இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொள். மெஷினை நீயே தூக்கி அவள் காரில் வை. அந்நேரம் நான் வீட்டில் இல்லாமலிருப்பதுதான் உனக்கு மரியாதை.

வாசற்படியில் பனி வழுக்காமலிருக்க உப்புத் தூவியிருக்கிறேன்.

அப்பா

மீதி டைல்ஸைப் பிடுங்காதே. சுவரின் ஜிப்சம் பலகைமேல் ஒட்டியிருக்கும் காகிதமும் கிழிந்து வரும், பிறகு சுவரையே மாற்ற வேண்டும்.

இன்னொன்று. போனை வைக்கும் முன், "என்ன கலர் ஒட்டுறார்?" என்று கேட்டாள். வெள்ளை என்றேன். "நான் பச்சைன்னுதானே சொல்லிட்டிருந்தேன், மாமா" என்றாள்.