இரண்டு வீட்டுக்காரர்கள்

மார்ச் 4, புதன்

மத்தியானம் லாண்டரியில் தலையணை உறைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் அக்கா எட்டிப் பார்த்து, "உன் வீட்டுக்காரர் வந்திருக்காரு, கேட்டுல நிக்கிறாரு" என்றாள். ரோப்கார் ஓட்டுகிற என் புருஷன் அதை நடுவானத்தில் நிறுத்திவிட்டு எதற்கு வந்தார் என்று ஓடினேன். நின்றவர் வாடகை வாங்குகிற வீட்டுக்காரர்.

சிரித்த முகமாகத்தான் சொன்னார். "தப்பா நினைக்காதம்மா. சீசனுக்கு வீட்டை டூரிஸ்டுங்களுக்கு விடலாம்னு இருக்கேன். மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க." நாங்கள் ஒரு மாதம் தருவதை அவர்கள் மூன்றே ராத்திரியில் தந்துவிடுவார்களாம். கணக்கில் பிழை இல்லை, அதுதான் எரிச்சல்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். இனிமேல் குழப்பம் வேண்டாம், அவர் பெரிய வீட்டுக்காரர், நீங்கள் சின்ன வீட்டுக்காரர் என்றேன். "ஐயோ, சின்ன வீடுன்னு ஆரம்பிச்சா ஊரு வேற மாதிரி பேசும்டி!" என்று பதறினார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்க நல்ல நேரம் பார்த்தோம்.

மார்ச் 15, ஞாயிறு

வீடு தேடி அலைந்ததில் கால் வீங்கிவிட்டது. எல்லா வாசலிலும் ஒரே பதில்: "சீசன் முடிஞ்சு வாங்க." அதுவரை எங்கே தொங்குவதாம்? ஒரு வீட்டில் விறகுக் கொட்டகைக்கு வெள்ளையடித்து, திரை போட்டு, 'மலைக்குடில்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அதற்கும் ஆள் பதிவு செய்துவிட்டார்களாம்.

பேக்கரிக்காரர் மட்டும் முகத்தைத் திருப்பவில்லை. மாடியில் ஓர் அறை, முழுக்க மாவு மூட்டை. "மூட்டைய வேற இடம் மாத்தினா சொல்றேன்மா" என்றார். வேலை நேரத்தில் எங்கள் இருவர் போனும் லாக்கரில் கிடக்கும் என்பதால் லாண்டரி நம்பரைக் கொடுத்தேன். படியிறங்கும்போதே இவர் அந்த அறையில் கட்டில் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டார்.

மார்ச் 31, செவ்வாய்

காலி செய்தோம். அவருக்கு ரோப்கார் ஆண்கள் விடுதியில் மேல்கட்டில். எனக்கு லாண்டரிக்குப் பின்னால் பெண்கள் அறை, ஆறு பேரில் ஒருத்தி. பாத்திரமெல்லாம் அக்காவின் ஸ்டோர் ரூமில். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து ஹாஸ்டல் வாழ்க்கை.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஏரிக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தோம். காவலாளி விசிலோடு வந்துவிட்டார். "ஜோடியா இங்க உக்காரக் கூடாது."

"நாங்க புருஷன் பொண்டாட்டிங்க" என்றார் இவர்.

"எல்லாரும் இதான் சொல்றாங்க. புருஷன் பொண்டாட்டின்னா வீட்டுல போய்ப் பேசுங்களேன். யாரு வேணாங்கிறா?"

எழுந்துவிட்டோம். இவர் பக்கம் நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

அவருக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன். என் புருஷனுக்கு இருமல் என்பதை நான் கேள்விப்படுகிறேன்!

ஏப்ரல் 23, வியாழன்

இன்றைக்கு மனசு நிறைந்திருக்கிறது. மூன்றரைக்கு அக்கா வந்து, "வீட்டுக்காரர் போன் பண்ணாரு. அஞ்சு மணிக்குள்ள வரணுமாம், அவசரமாம்" என்றாள். இருமல் முற்றிவிட்டதோ என்று அனுமதி வாங்கிக்கொண்டு ரோப்கார் நிலையத்துக்கு ஓடினேன். அவர் நன்றாகத்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "நான் எங்க போன் பண்ணேன்? நீயா வரணும்னு கதை கட்டுறியா?"

மூடுபனியில் ரோப்காரை நிறுத்தி வைத்திருந்தார்கள். காலிப் பெட்டி ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. அவர் என் தோளில் சாய்ந்து ஒரு தூக்கமே போட்டுவிட்டார். போன் செய்தது யார் என்று அதற்குப் பிறகு நாங்கள் யோசிக்கவே இல்லை.

ஏப்ரல் 25, சனி

பேக்கரிக்காரர். போன் செய்தது பேக்கரிக்காரர்.

ரொட்டி வாங்கப் போனால், "ஏம்மா வரல? அஞ்சு மணி வரைக்கும் சாவியோட நின்னேன்" என்கிறார். அப்புறம் டூரிஸ்ட் கைடு ஒருவர் வந்து முன்பணத்தை நீட்டினாராம், மாடி அறையை அவருக்கே கொடுத்துவிட்டார். அக்காவிடம் போய்க் கேட்டேன். "'வீட்டுக்காரர் பேசறேன்'னுதான்டி சொன்னாரு! எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவளும் அழுகிறாள். சாவி கைக்கு வருமுன்பே அந்த மனுஷர் எங்கள் வீட்டுக்காரராகவே பேசியிருக்கிறார். எனக்குத்தான் உறைக்கவில்லை. எனக்கு ஒரே ஒரு வீட்டுக்காரர் நினைப்புத்தான்.

இவரிடம் எப்படிச் சொல்வேன்?

ஏப்ரல் 26, ஞாயிறு

சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நின்றார். "வீட்டுக்காரர் கூப்பிட்டாருன்னதும் என்கிட்டதானே ஓடி வந்த? அதுக்குப் போய் உன்னத் திட்டுவேனா?" என்றார். திட்டியிருக்கலாம்.

மே 3, ஞாயிறு

அவர் அண்ணன் கீழே சமவெளியில் கடை வைத்திருக்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொன்னால் இவரைச் சேர்த்துக்கொள்வாராம். தங்க இடம் கடைக்குள்ளேயே, ஒற்றை ஆளுக்கு. "கொஞ்ச நாள்தானே" என்கிறார். கொஞ்ச நாளாம்! அவரு அங்க, நான் இங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவ பாத்துக்கிட்டா அதுக்குப் பேரு குடும்பமா? வாய்க்கு வந்ததைக் கத்தினேன். அவர் கடைசிவரை குரலை உயர்த்தவில்லை, அதில் இன்னும் கோபம் வந்தது.

மே 17, ஞாயிறு

இரண்டு வாரமாக விடுமுறை நாளில் காணாமல் போகிறாரே என்று சந்தேகப்பட்டேன். அண்ணனைப் பார்க்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மலைப்பாதையில் பாதி வழியில் ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கி வீடு கேட்டிருக்கிறார். கிடைத்துவிட்டது. இரண்டு அறை, தகரக் கூரை. ஏரி இல்லை, காட்சி இல்லை, அதனால் டூரிஸ்டும் இல்லை. இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், விடியுமுன் கிளம்ப வேண்டும்.

"தினமும் மூணு மணி நேரம் பஸ்ஸுல போயிடுமே" என்றேன்.

"பக்கத்துல பக்கத்துல உக்காந்துதானே போவோம்?"

அண்ணனுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

ஜூன் 8, திங்கள்

முதல் பஸ். இவர் என் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார். பின் சீட்டில் சுற்றிப் பார்க்க வந்த ஓர் அம்மாள், பெட்டி படுக்கையோடு. வளைவில் பஸ் குலுங்கியதும் இவர் விழித்துக்கொண்டார். அந்த அம்மாள் சிரித்தபடி, "புதுசா கல்யாணம் ஆனவங்களா? மேல எங்க ரூம் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

"ரூமெல்லாம் போடலம்மா" என்றார் இவர். "சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவோம்."

சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பனி என்று அந்த அம்மாள் நினைத்திருப்பார்.