ஓரத்து நாற்காலியும் ஒரு மூக்குத்தியும்

அருப்புக்கோட்டை,
28-1-1991

அன்பு மகள் மாரிக்கனிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், மனசு சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிலாய்க் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்க முத்துமாரி துணை நிற்கட்டும். பொங்கலுக்கு அனுப்பிய காரச்சேவு அங்கே வந்து சேர்வதற்குள் தூளாகியிருக்கும், தூக்கிப் போட்டுவிடாதே, தயிர்சோற்றுக்கு ஆகும். மாப்பிள்ளைக்கு ராத்திரி ஷிப்டு என்று எழுதியிருந்தாய், பகலில் அவர் தூங்கும்போது ரேடியோவை வைக்காதே, உனக்குப் பொழுது போகாவிட்டால் புத்தகம் படி, அது சத்தம் போடாது.

ஊரில் என்ன படம் ஓடுகிறது, ஒன்றாவது பார்த்தீர்களா என்று கேட்டிருந்தாய். ஒன்று இல்லை தாயே, ஒரு மாதத்துக்குள் மூன்று பார்த்துவிட்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் உன் அப்பா என்னைச் சினிமாவுக்குக் கூட்டிப் போனதை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம் என்பது உனக்குத் தெரியும். அந்த மனுஷர் மார்கழியில் ஒருநாள் கடையை மதியத்தோடு அடைத்துவிட்டு வந்து, “கிளம்புங்க, படத்துக்குப் போவோம், தங்கலட்சுமி நல்ல தாவணியா பாத்துக் கட்டட்டும்” என்றார். உன் தங்கச்சி நல்ல தாவணி கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார எதற்குப் போகிறாள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. உனக்கும் இந்நேரம் புரிந்திருக்கும். பெண் பார்ப்பதை வீட்டில் வைத்தால் அமையாமல் போனால் அசிங்கமாம், தியேட்டரில் வைத்தால் படம் பார்த்ததாகப் போய்விடுமாம். மார்கழியில் நல்ல காரியம் பேசலாமா என்று நான் கேட்டதற்குத் தரகர் ஐயாத்துரை, “படம் பாக்கத்தானம்மா போறோம், படத்துக்கு ஏது மார்கழி” என்றார். சாஸ்திரத்தை வளைக்க இவரைப் போல ஆள் கிடையாது.

அந்த முதல் படத்தின் கதையைச் சொல்கிறேன் கேள். கதாநாயகி கலெக்டர். கதாநாயகன் ஆடு மேய்க்கிறான். கலெக்டரம்மா ஜீப்பில் வந்து இறங்கி இரண்டு உத்தரவு போடுகிறாள், இவன் ஒரு தடவை முறைக்கிறான், ஒரு பாட்டு வருகிறது, இடைவேளைக்குள் அவள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு அவனுக்குக் கூழ்க் கலயம் தூக்கிக்கொண்டு பொட்டல் காட்டில் நடக்கிறாள். தியேட்டரே கை தட்டியது, ஆண்கள் பக்கத்திலிருந்து உன் அப்பா தட்டியதும் எனக்குத் தனியாகக் கேட்டது. இத்தனை வருஷம் படித்து ஒரு மாவட்டத்தையே ஆண்டவள் கூழ் காய்ச்சுவதில்தான் நிம்மதி கண்டாளாம். கதை எழுதியவரும் கூழ் காய்ச்சிப் பார்த்ததில்லை, கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் நின்றதில்லை. பார்க்க வர வேண்டியவர்கள் அன்றைக்கு வரவேயில்லை. நரிக்குடியிலிருந்து கிளம்பிய பஸ் திருச்சுழியிலேயே பஞ்சராகி நின்றுவிட்டதாம். படத்தைக் கடைசி வரை சகித்துக்கொண்டதற்கு எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

விட்டார்களா, பொங்கல் முடிந்த மறுநாள் இன்னொரு படம். மாப்பிள்ளைப் பையன் பெயர் காளீஸ்வரன், நரிக்குடியில் உரக்கடை வைத்திருக்கிறார்கள், ஒரே பிள்ளை. உன் தங்கச்சி காலேஜில் இரண்டாம் வருஷம், இன்னும் ஒன்றேகால் வருஷத்தில் டிகிரி முடிந்துவிடும், அதற்குப் பிறகு டீச்சர் வேலைக்குப் படிக்க வேண்டும் என்று அவள் உன்னிடமும் எழுதியிருப்பாள். அப்பாவிடம் சொன்னால், “டிகிரி எங்கயும் ஓடிறாது, நல்ல இடம் ஓடிரும்” என்கிறார். உன் விஷயத்திலும் இதையேதான் சொன்னார், அதை நான் மறக்கவில்லை. ஐயாத்துரை முன்னாலேயே வந்து, பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசை, நடைபாதையை ஒட்டின ஓரத்து நாற்காலியில் பெண்ணை உட்கார வையுங்கள், இடைவேளையில் விளக்குப் போட்டதும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். ராக்கெட் விடுகிறவர்கள்கூட இத்தனை திட்டம் போட மாட்டார்கள்.

இந்தப் படத்தில் மூன்று வயதில் திருவிழாவில் தொலைந்துபோன பிள்ளை இருபது வருஷம் கழித்து ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு வீட்டு வாசலில் நின்று, குழம்பு வாசனையை மோந்து பார்த்தே தன் அம்மாவைக் கண்டுபிடித்துவிடுகிறான். பக்கத்தில் இருந்த பெண்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு யாரம்மா காரக்குழம்பு ஊற்றினது என்று கேட்க எனக்கு வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். தெருவில் எனக்கு வாய் செத்தவள் என்று பெயர், அதைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா. உன்னிடம் மட்டும்தான் இதெல்லாம் எழுதுகிறேன், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தங்கலட்சுமிக்கு முன்னால் கொண்டையில் ஒரு பந்து கனகாம்பரம் வைத்த அம்மாள் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். திரை பாதி கனகாம்பரமாகிவிட்டது. நம் பிள்ளை, “எனக்குத் தெரியலம்மா” என்று சொல்லிவிட்டு எழுந்து எனக்கு அந்தப் பக்கம் நாலு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. காலியான ஓரத்து நாற்காலியில் யாரோ ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இடைவேளையில் விளக்கு எரிந்தது, முறுக்கு வந்தது, விளக்கு அணைந்தது. அந்த ஓரத்து நாற்காலியை நான் மறந்தே போனேன்.

இரண்டு நாள் கழித்து ஐயாத்துரை பல்லெல்லாம் தெரிய வந்தார். “பிள்ளையை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நல்ல வளர்த்தி, ரோஸ் தாவணி எடுப்பா இருந்துச்சாம், மூக்குத்திதான் முகத்துக்கே அழகாம்” என்றார். நம் பிள்ளை கட்டியிருந்தது பச்சை. மூக்குத்தி என்ன, மூக்கே குத்தவில்லை. வளர்த்தி பற்றிச் சொல்ல வேண்டாம், அவள் என் காது வரைக்கும்தான் இருக்கிறாள். திரையில் ஒருவன் வாசனையில் அம்மாவைக் கண்டுபிடித்த அதே தியேட்டரில், இவர்கள் விளக்கு வெளிச்சத்தில், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரோ பெற்ற பெண்ணுக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உன் அப்பா சிரிக்கவில்லை. ஐயாத்துரை போன பிறகு என்ன சொன்னார் தெரியுமா, “மூக்குத்திதான, குத்திட்டாப் போச்சு.” நான் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். “ஒரு தடவை பாத்தது, அதுவும் தூரத்துல இருந்து பாத்தது, மணவறையில அலங்காரம் பண்ணி உக்கார வச்சா யாருக்கு அடையாளம் தெரியப் போகுது, நீ ஒண்ணும் பேசாம இரு” என்றார். தை வெள்ளிக்கிழமை காலையில் மூக்குக் குத்த ஆசாரியை வீட்டுக்கு வரச் சொல்லியாகிவிட்டது, அடுத்த புதன்கிழமை பூ வைக்க அவர்கள் வருவதாகப் பேச்சு. இதை ஒருவன் படமாக எடுத்தால் இதே மனுஷர், கதை நம்புகிற மாதிரி இல்லை என்று இடைவேளையோடு எழுந்து வந்துவிடுவார்.

தங்கலட்சுமியிடம் பையனைப் பார்த்தாயா என்று கேட்டேன். “நான் படம்லம்மா பாத்தேன்” என்றாள். அன்றைக்கு அந்தத் தியேட்டரில் படம் பார்த்தவள் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது. அதற்குப் பிறகு கண்ணாடி முன்னால் நின்று மூக்கை விரலால் மூடி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்து, “அந்த ரோஸ் தாவணிப் பிள்ளை காலேஜ் படிக்குமாம்மா?” என்று கேட்டாள். அவள் கேட்ட தொனியில் என் கண் முன்னால் நீதான் வந்து நின்றாய் மாரிக்கனி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன்னையும் இப்படித்தான் கூட்டிப் போனோம். நீ படம் முழுக்க மடியையே பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்ததும் நான் கேட்கவேண்டியது வேறு, கேட்டது, படம் எப்படி இருந்தது என்று. நீ, “நல்லா இருந்துச்சும்மா” என்றாய். இரண்டு பேருமே படத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மாப்பிள்ளை தங்கமான மனுஷர், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அது நம் அதிர்ஷ்டம், நம் கெட்டிக்காரத்தனம் இல்லை.

வியாழக்கிழமை, அதாவது ஆசாரி வருவதற்கு முதல் நாள், பையனின் அம்மா கருத்தம்மாள் டவுனுக்குத் துணி எடுக்க வந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தங்கலட்சுமிதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செம்பை வாங்கிக்கொண்டே, “இது சின்னவளா? மூத்தவ எங்க மதினி?” என்று கேட்டார்கள். நான், “மூத்தவ பிலாய்ல இருக்கா” என்றேன். உன் அப்பா எனக்குக் கண்ணைக் காட்டுகிறார், கையைக் காட்டுகிறார், இருமுகிறார். கருத்தம்மாள், “அப்ப மூக்குத்தி போட்ட பிள்ளை?” என்றார்கள். அது யாரென்று எங்களுக்கும் தெரியாது, உங்களுக்குக் காட்டவேண்டிய பெண் இதுதான் என்று நடந்ததைச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள், அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அவர்களோ தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்து, நம் பிள்ளையைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்துவிட்டு, “சரி, இதுவும் லட்சணமாத்தான இருக்கு. அவன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன், அவன் ஒண்ணும் சொல்லமாட்டான்” என்றார்கள். சேலைக்கடையில் ரோஸ் இல்லையென்றால் பச்சை எடுப்பது போலத்தான். உன் அப்பாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

அப்போதுதான் நான், “எங்களுக்குச் சம்மதமில்ல மதினி” என்றேன். எனக்கே என் குரல் யாருடையதோ போல இருந்தது. பிள்ளை வீட்டார் பிடிக்கவில்லை என்று சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், பெண் வீட்டில் ஒரு பொம்பளை சொல்லி அவர்கள் கேட்டதில்லை. “எம் பிள்ளைட்ட என்ன குறை கண்டீக?” என்று எழுந்து நின்றார்கள். “எம் பொண்ணு அங்கயே இருக்கான்னு தெரியாம இன்னொரு பிள்ளையப் பாத்துட்டுப் போயிருக்கீக. இனி யாரா இருந்தா என்னன்னு வேற சொல்லுதீக. எம் பொண்ணு படிச்சு முடிக்கட்டும், அவளைத்தான் வேணும்னு வாரவுகளுக்குக் கொடுத்துக்கிடுதோம்” என்றேன். கருத்தம்மாள் துணிப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆசாரியை வரவேண்டாம் என்று தங்கலட்சுமியே சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து உன் அப்பா என்னோடு பேசுவதில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை மதியம் டி.வி.யில் வேறு மொழிப் படம் ஒன்று போட்டான், அதுதான் மூன்றாவது. அவார்டு வாங்கினதாம். கால் மணி நேரத்துக்கு ஒரு வார்த்தை பேசுகிறார்கள். படத்திலும் யாரும் பேசவில்லை, வீட்டிலும் யாரும் பேசவில்லை, அதனால் கதை நன்றாகவே விளங்கியது. உள்ளபடி சொன்னால் மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான்.

இனி உன்னால் ஆகவேண்டியது ஒன்று உண்டு. நான் சொன்னால் அது வாய், தங்கலட்சுமி சொன்னால் அது திமிர், நீ சொன்னால் தங்கச்சிக்குப் பரிந்து பேசுவது. மாப்பிள்ளை சொன்னால் மட்டும் உன் அப்பாவுக்கு அது யோசனை. ஆகவே, “சின்னவள் படிப்பை முடிக்கட்டும் மாமா, பிறகு பார்க்கலாம்” என்று மாப்பிள்ளை கையால் இரண்டு வரி உடனே போடச் சொல். அவருக்குக் கடிதம் எழுதக் கை வணங்காது என்று எனக்குத் தெரியும். நீயே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள், ஆனால் உன் எழுத்து அப்பாவுக்குத் தெரியும், கொஞ்சம் கோணலாக எழுது. இத்துடன் தபால் வழியில் டிகிரி படிக்கிற விண்ணப்பம் ஒன்று மடித்து வைத்திருக்கிறேன், அது மாப்பிள்ளைக்கு இல்லை, உனக்கு. மார்ச் மாதம் முடிவதற்குள் அனுப்ப வேண்டும், மறந்துவிடாதே.

ஐயாத்துரை பஜாரில் வைத்து, அந்த வீட்டு அம்மாவுக்கு வாய் நீளம், இனி செத்தாலும் அந்தத் தெருப் பக்கம் மிதிக்க மாட்டேன், நரிக்குடி, வீரசோழன், பாலவனத்தம் எங்கேயும் அந்தப் பெண்ணுக்கு இடம் அமையவிடமாட்டேன் என்று சொன்னாராம். உன் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறார். ஐயாத்துரை சொன்ன சொல் மாறாதவர் என்று ஊரில் பேர். இன்னும் ஒன்றேகால் வருஷம், பரீட்சை முடிகிற வரைக்கும், அந்தச் சொல்லை அவர் காப்பாற்ற வேண்டும் என்று முத்துமாரிக்கு நேர்ந்திருக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நிறைந்த ஆயுசோடும் மனசு ஒத்தும் இருக்க என் ஆசீர்வாதம். வெந்நீரில் குளி.

உன் அம்மா,
பொன்னுத்தாய்