ஆரணி திரும்பும்வரை

வெள்ளவத்தை, கொழும்பு, ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை

இன்று பின்னேரம் பேத்தி ஆரணி கனடாவிலிருந்து வீடியோவில் வந்தாள். அங்கே அவள் கணக்குப் பேராசிரியை. சமன்பாடுகளுக்குள் இருக்கும் வடிவங்களை ஆராய்கிறாளாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அவ்வளவுதான் விளங்கும். ஆனாலும் கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிடுவேன்.

"ஆடிவேல் திருவிழாவுக்கு இங்க வருவியோ பிள்ளை?" என்று கேட்டேன். அவள் கண் மேலே போய்விட்டது. சின்ன வயதிலும் ஏதாவது யோசனை வந்தால் அப்படித்தான், அந்த நேரம் யாரும் கதைக்கக் கூடாது. போனை மேசையில் சாய்த்துவிட்டு, கரும்பலகையில் எழுதத் தொடங்கினாள்.

நான் போனை வைக்கவில்லை.

"அம்மா, அவளின்ர முதுகைப் பாக்கவோ டேட்டா போட்டுத் தந்தனான்?" என்று மகள் சாந்தி சிரித்தாள். எத்தனையோ வருடமாக நேரில் காணாத பிள்ளை. முதுகென்றாலும் போதும். பின்னலில் நரைமுடி தெரிந்தது. அது எனக்கு இதுவரை தெரியாது.

கடைசியில் திரும்பித் திடுக்கிட்டாள். "ஐயோ அம்மம்மா, இன்னும் இருக்கிறீங்களோ? இந்தச் சமன்பாட்டில மாதக்கணக்கா அடைபட்டுக் கிடந்த இடத்தில இப்பதான் ஒரு வழி தெரியுது. இந்த வருசம் முழுக்க இனி இதுதான்! நீங்கள் ஏதோ கேட்டனீங்கள், என்ன?"

முகமெல்லாம் சிரிப்பு.

"சாப்பிட்டியோ எண்டு கேட்டனான்," என்றேன்.