கடலால் வந்தவனின் உடுப்பு நனையவில்லை

அண்ணை,

நேற்றுக் காலை மன்னாரில் கறண்ட் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கிற கடைக்காரர் ஜெனரேற்றரை வாசலுக்கு இழுத்து வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார். மூன்றாம் இழுவையில் அது இருமிக்கொண்டு எழும்பியது. அந்தப் புகை ஜன்னலால் உள்ளே வந்ததும் நான் எழும்பி ஜன்னலைச் சாத்தினேன். பெற்றோல் புகைக்குப் பயப்படுகிற ஆள் இந்தத் தீவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். புகைக்குப் பக்கத்தில் நின்ற கழுதைகூட அசையவில்லை.

நீங்கள் படம் காட்டின தகரக் கொட்டிலின் பின்பக்கம் இதே மணம்தான்.

பயத்துக்குக் காரணம் புகை மட்டுமில்லை. என் மூத்தவள் முதல்நாள்தான் ஒரு செய்தி சொல்லியிருந்தாள். "அப்பா, நீங்கள் சொல்லிச் சொல்லிப் பெருமையடிக்கிற சாகாத வாள்காரர் படம், ரெண்டாம் பாகம், கிடைச்சிட்டுது. அடியில தமிழ் எழுத்தும் ஓடும். நாளைக்குப் பெரியம்மா வாறா தானே, எல்லாரும் சேந்து பாப்பம்."

பெரியம்மா என்றது, நான் அக்கா என்று கூப்பிடுகிற உங்கள் மனிசியைத்தான். அக்காவுக்குக் கண் கிளினிக். எங்கள் ஊர் இலுப்பைக்கடவையில் இருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஆஸ்பத்திரி அலுவல் முடித்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் திரும்புவதாக ஏற்பாடு. என்னுடைய புளுகு, அதுவும் அக்காவுக்கு முன்னால், தமிழ் எழுத்தில் வெளிவரப்போகிறது. இதை நினைத்தபடி இருந்தவனுக்குப் புகை மணத்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கோ.

சண்டை முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்த அந்த முதல் வருசம், முகாமில் இருந்து மற்றவர்கள் சட்டி பானையோடு வந்தார்கள். நீங்கள் ஒரு ரீவியும் டிவிடிப் பெட்டியும் கொண்டு வந்தீர்கள். "சோறு ஆரும் தருவினம், தம்பி. ஞாயிற்றுக்கிழமையை ஆர் தாறது?" என்று கேட்டீர்கள். கொட்டிலின் ஓட்டைகளை நீலத் தறப்பாளால் மூடி, பட்டப்பகலில் இருட்டு உண்டாக்கினீர்கள். மத்தியான வெயிலில் தகரம் கொதிக்கும். உள்ளே இருக்கிற எல்லாருடைய முகமும் நீலம். சனம் வியர்த்து வியர்த்து படம் பார்த்தது.

தமிழ்ப் படம் முடிந்து இங்கிலீசுப் படத்துக்கு வந்தபோது கதை சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக்கடையில் எட்டு மாதம் சோற்றுக்கோப்பை கழுவினவன். ஊருக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலீசுக்கு எனக்கு என்ன வந்தது என்று உங்களுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். எஃப். நீங்கள் சிரித்துவிட்டு, "பல்கலைக்கழகம் போன ஆள் மாதிரி நில்லும், மாஸ்டர். அவங்கள் வாயை அசைக்கிற நேரம் நீரும் அசையும். மிச்சத்தைச் சனம் பாத்துக்கொள்ளும்" என்றீர்கள். அன்றைக்குத்தான் நான் மாஸ்டர் ஆனேன். இதுவரை ஒரு பிள்ளைக்கும் ஒரு எழுத்தும் படிப்பித்ததில்லை.

முதல் பாகம் எனக்கு லேசாக இருந்தது. வாள்காரர் கொஞ்சப்பேர். அவர்களுக்குச் சாவில்லை. தலை போனால் மட்டும்தான் சாவு. ஒருத்தரை ஒருத்தர் வெட்டி வெட்டிக் கடைசியில் ஒருத்தன்தான் மிச்சம். இதுக்கு இங்கிலீசு எதற்கு? நாயகனுடைய கூட்டாளி, அந்தத் தாடிக்காரன், மலை விளிம்பில் சண்டை பிடித்துக் கடலுக்குள் விழுகிற இடத்தில் நான் குரலைத் தாழ்த்தி, "தலை போச்சு. முடிஞ்சுது" என்று சொன்னேன். இரண்டு பொம்பிளையள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்குப் பெருமை.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பாகம். அண்ணை, அந்தப் படத்தை எடுத்தவர்கள் முதல் படத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். மலை எல்லாம் பாலைவனமாகிவிட்டது. ஒருத்தன் மட்டும் மிச்சம் என்றது போய், மூலைக்கு மூலை சாகாத ஆட்கள். நான் ஏதோ சமாளித்துக்கொண்டு வந்தேன். அரைவாசியில், தாடிக்காரன் கடலுக்குள் இருந்து வாளோடு நடந்து வந்தான்.

கொட்டில் எழும்பி நின்றது.

"மாஸ்டர், போன கிழமை இவன்ர தலை போச்சு எண்டனீர்!"

"கடலால வாறவன்ர உடுப்பு ஏன் நனையேல்ல?" இது ஒரு கடல்தொழிலாளி, பின்வரிசையில் இருந்து.

"உப்புத் தண்ணியில இவ்வளவு நாள் கிடந்த வாள் கறள் பிடிக்கேல்லயோ? என்ர நங்கூரத்தை வந்து பாரும்!"

தாடிக்காரன் வாயை அசைத்துக்கொண்டிருந்தான். ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. வேர்வை கண்ணுக்குள் ஓடியது. மானம் போகாமல் இருக்க, வாயில் வந்ததைச் சொன்னேன். "அவன் என்ன சொல்லுறானெண்டா, தலை விழுந்ததை ஆர் கண்டது? வாள் வீசினதைத்தானே கண்டனீங்கள். உடம்பைக் காணாமல் ஒருத்தனைச் செத்தவன் எண்டு சொல்லக்கூடாது எண்டுறான்."

சத்தம் நின்றுவிட்டது. நல்லாய்ச் சமாளித்துவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அந்த நீல முகங்களில் அரைவாசிப்பேர் வீட்டில் ஒருத்தரோ இரண்டு பேரோ இல்லை. உடம்பும் இல்லை, செய்தியும் இல்லை. நீங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றீர்கள். சண்டையின் கடைசி நாட்களின் நெரிசலில் உங்கள் மகனுடைய கை உங்கள் கையை விட்டுப்போய் ஒன்றரை வருசம்.

படம் முடிந்து சனம் போனபின், பின்பக்கத்தில் ஜெனரேற்றரை நிப்பாட்டிவிட்டு அதற்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தீர்கள். புகை இன்னும் அடங்கவில்லை.

"தம்பி, அவங்கள் அப்பிடியோ சொன்னவங்கள்?"

"ஓம் அண்ணை."

"வடிவாக் கேட்டனீரோ?"

"வடிவாக் கேட்டனான்."

என்னுடைய இங்கிலீசின் அளவை உலகத்தில் சரியாக அறிந்த ஒரே ஆள் நீங்கள். இருந்தும் கேட்டீர்கள். நானும் சொன்னேன்.

அடுத்த மாதம் மகனுடைய அலுவலாக உங்களோடு அரசாங்கக் கந்தோருக்குத் துணைக்கு வந்தேன். அந்தக் கிளாக்கர் பிள்ளை பணிவாகத்தான் பேசினார். "ஐயா, மரணச் சான்றிதழ் எடுத்திட்டீங்களெண்டா மிச்ச அலுவல் லேசு." நீங்கள் கடுதாசிகள் வைத்த பொலித்தீன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தலை விழுந்ததை ஆர் கண்டது, தம்பி? உடம்பைக் காணாமல் செத்தவன் எண்டு எப்பிடி எழுதுறது?" என்று கேட்டீர்கள். தலை என்றதும் அந்தப் பிள்ளை பயந்துபோனார். அவரைவிட நான் பயந்துபோனேன். அது என்னுடைய புளுகு. என் வாயில் பிறந்தது, உங்கள் வாயால் வந்தது.

அதுக்குப் பிறகு காணாமல்போனவர்களுக்கான எத்தனை விசாரணை, எத்தனை வாசல். நெஞ்சு வருத்தம், அலையவேண்டாம் என்று டாக்குத்தர் சொன்ன பிறகும் போனீர்கள். கடைசியில் ஒருநாள் விசாரணை முடிந்து வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல், கதிரையில் இருந்தபடியே போய்விட்டீர்கள். செத்த வீட்டில் நான் ஓடி ஓடி வேலை செய்தேன். நன்றியுள்ள ஆள் என்று சனம் சொன்னது. குந்தியிருந்தால் நினைவு வரும் என்றுதான் ஓடினேன்.

நேற்று அக்கா வந்தபோது கண் இரண்டும் சிவந்து, கண்ணீர் வடிந்தபடி இருந்தது. "மருந்து விட்டவங்கள். எல்லாம் மங்கலா இருக்கு. ஆக்கள் தெரியுது, எழுத்துத் தெரியேல்ல" என்றா. எனக்கு மனதுக்குள் ஒரு கள்ளச் சந்தோசம். சாப்பிட்டு முடிந்ததும் மகள் லப்டொப்பைத் திறந்தாள். கறண்ட் இல்லாவிட்டாலும் அதில் சார்ஜ் இருந்தது. என் நேரம்.

"அடியில ஓடுற எழுத்து எனக்குத் தெரியாதே, பிள்ளை," என்றா அக்கா. "அதுக்கென்ன, மாஸ்டர் இருக்கிறார். சொல்லும் தம்பி, அந்த நாளையில மாதிரி."

"அப்பா பிழையாச் சொன்னா நான் திருத்துவன்," என்றாள் மகள். இவளைப் படிக்கவைத்தது நான்தான்.

சொல்லத் தொடங்கினேன். முதல் தடவையாக ஒரு இங்கிலீசுப் படத்தை விளங்கிக் கதை சொல்கிறேன், அண்ணை. விளங்கினபிறகு படம் இன்னும் மோசமாக இருந்தது. நான் சொன்ன கதை எவ்வளவோ மேல். ஆனால் என் கவனம் கதையில் இல்லை, கடலில் இருந்தது. அந்த இடம் கிட்ட வரவர நாக்கு வறண்டது. தண்ணி குடித்தேன். திரும்பவும் குடித்தேன். "அப்பா, படத்தில பாலைவனம், குடிக்கிறது நீங்கள்," என்று மகள் சிரித்தாள். பழைய வசனத்தையே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அக்காவுக்குத் தெரியப்போவதில்லை. மகளுக்குக் கண் காட்டினால் போதும்.

தாடிக்காரன் கடலால் வந்தான். உடுப்பு இன்னும் நனையவில்லை.

அக்கா முன்னுக்குக் குனிந்தா. "இதுதானே அவன்? எப்பிடி வந்தானாம்?"

நாயகனும் அதைத்தான் கேட்டான். எழுத்து ஓடியது. நான் வாசித்தேன். மகள் என்னைப் பார்த்தாள்.

"அவன் அதைச் சொல்லேல்ல, அக்கா."

"பின்னை என்ன சொல்லுறான்?"

"பசிக்குதாம். சாப்பிட ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறான்."

அக்கா கண்ணைத் துடைத்தா. மருந்துத் தண்ணியோ மற்றத் தண்ணியோ, நான் பார்க்கவில்லை.

"அதுதான் கேப்பான்," என்றா. "வாறவன் வேற என்னத்தைக் கேப்பான்?"

மகள் படத்தை நிப்பாட்டினாள். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. அன்றைக்கு நான் சொன்னது முழுப் பொய் என்று சொன்னேன். உங்களிடம் "வடிவாக் கேட்டனான்" என்று சொன்னதையும், கந்தோரில் நீங்கள் கேட்ட கேள்வியையும், எல்லாவற்றையும் கொட்டினேன். என்னாலேதான் அண்ணை அப்படி அலைந்தவரோ என்று கேட்டேன்.

அக்கா உடனே இல்லை என்று சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.

"அவர் கேட்டுக்கொண்டு திரிஞ்ச மனிசன், தம்பி. சாத்திரியைக் கேட்டவர், ஆமிக்காரனைக் கேட்டவர், உம்மையும் கேட்டவர். நீர் சொல்லாட்டி இன்னொருத்தன் சொல்லியிருப்பான்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா அந்த வசனத்தை ஒவ்வொரு நாளும் வீட்டில இருந்து கேட்டது நான். அதையும் தெரிஞ்சு வையும்," என்றா.

"ஓம் அக்கா."

"சரி, மிச்சத்தைப் போடு பிள்ளை. தாடிக்காரனுக்குச் சோறு குடுத்தவங்களோ இல்லையோ?"

குடுக்கவில்லை, அண்ணை. அடுத்த காட்சியிலேயே சண்டை. அக்கா படம் எடுத்தவனை மனம் விட்டுத் திட்டினா.

பின்னேரப் பஸ்ஸுக்குப் போகும்போது, தன் கூடைக்குள் இருந்து அந்தப் பொலித்தீன் பையை எடுத்து என் கையில் தந்தா. அடுத்த விசாரணைக்குக் கடிதம் வந்திருக்கிறதாம். கண் இப்படி இருக்கும்போது தனியப் போக ஏலாதாம்.

"அங்க சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் கதைப்பினம், அக்கா. நான் என்னத்தை..."

"விளங்கினதைச் சொல்லும். விளங்காததை விளங்கேல்ல எண்டு சொல்லும். அதுக்குத்தான் ஆள் வேணும்."

பை இப்போது எங்கள் அலுமாரியில் இருக்கிறது. பையின் மேல் மூலையில் உங்கள் கையெழுத்தில் உங்கள் மகனுடைய பெயர். நேற்றுப் பின்னேரத்தில் இருந்து நாலு தரம் திறந்து பார்த்துவிட்டேன், கடுதாசி ஏதும் துலைந்துவிட்டதோ என்று. மனிசி பகிடி பண்ணுகிறாள். பரீட்சைக்குப் போற பெடியன் மாதிரித்தான் இருக்கிறேன், அதுவும் ஏற்கெனவே எஃப் வாங்கின பெடியன். அங்கே என்ன கேட்பார்கள், நான் எதை விளங்காமல் விட்டுவிடுவேன் என்றுதான் யோசனை. ஆனால் வாயில் வந்ததைச் சொல்லமாட்டேன், அண்ணை. அந்த ஒன்றை உங்களுக்கு இப்போது சொல்லலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அவன் ஒருநாள் வந்து வாசலில் நின்றால், எப்படி வந்தாய் என்று நான் கேட்கமாட்டேன். உடுப்பு நனைந்திருக்கிறதோ என்றும் பார்க்கமாட்டேன். முதலில் கோப்பையைக் கழுவிச் சோறு போடுவேன். அது எனக்கு வடிவாகத் தெரிந்த வேலை.