இரண்டு விரல் இடைவெளி

அக்கா,

இன்று காலை துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. இஸ்திரிப் பெட்டியைக் கம்பளிச் சால்வை மேல் அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் முடி கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் வண்டிக்குள் அன்று வந்த அதே நாற்றம்.

ஆக்லாந்தில், பிளாக்ஹவுஸ் பே பகுதியில், உங்கள் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்ற அந்தக் கிழட்டு மோட்டார்ஹோம்! அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளே. இஞ்சின்கூட உள்ளேதான், முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்கு அடியில். ஆஸ்பத்திரி லேப் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அதை வாங்கினீர்கள். புகைக்குழாய் ஓட்டையானபோது மெக்கானிக்கைத் தேடவில்லை. நீங்களே அடியில் படுத்துப் புதுக் குழாய் மாட்டினீர்கள். பக்கத்து வீட்டிலிருந்து வந்து நான் டார்ச் பிடித்தேன். குழாய்க்கும் மூடிக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்த்தீர்கள். "இவ்வளவு இடம் விடவேணும். காத்து ஓடினாத்தான் சூடு போகும். இதுக்குக் கிட்ட ஒண்டும் வைக்காதையும், என்ன?" என்றீர்கள். சரி சரி என்று தலையாட்டினேன்.

குளிர்காலப் பள்ளி விடுமுறையில் வடக்கே புறப்பட்டோம். பின்பக்கம் உங்கள் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். உங்கள் மகன் தன் காரில் பின்னால் வந்தான். எனக்கோ ஒரே கவலை, மறுநாள் இட்லி. ஆக்லாந்துக் குளிரில் மாவு என்றைக்கு ஒழுங்காகப் பொங்கியிருக்கிறது? இஞ்சின் மூடி கதகதவென்று இருந்தது. நீங்கள் பெட்ரோல் போட இறங்கிய நேரம், மாவுப் பாத்திரத்தைக் கம்பளிப் போர்வையில் சுற்றி, என் காலடியில் மூடியை ஒட்டி வைத்தேன். பாத்திரம் ஆடாமலிருக்கப் போர்வையின் நுனியை மூடியோரத்து இடுக்கில் நன்றாகத் திணித்தேன். உங்களுக்குத் தெரிந்தால் திட்டுவீர்கள் என்று கைப்பையை எடுத்து முன்னால் வைத்து மறைத்தேன். நுனி உள்ளே போய்க் குழாயில் படும் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை.

மலையேற்றத்தில் இஞ்சின் முக்கியது. திடீரென்று புகை. "பிள்ளையளை இறக்கும்! கெதியா!" என்று கத்திக்கொண்டே ஓரங்கட்டினீர்கள். பிள்ளைகளை இறக்கி நிறுத்தினேன். நீங்கள் பின்பக்கம் தீயணைப்பானை எடுக்கப் போன அந்த ஒரு நிமிடத்தில் போர்வையை இழுத்தெடுத்து, பாத்திரத்தோடு பள்ளத்தில் எறிந்தேன். உள்ளே சிக்கிய துண்டு சாம்பலாகிவிட்டது. மூடியின் உள்பக்கம் சூடு தடுக்க ஒட்டியிருந்த பழைய துணியும் பற்றியிருந்தது. நீங்கள் அடித்த பொடி எல்லாவற்றையும் வெள்ளையாக மூடிவிட்டது.

உங்கள் மகன் ஓடி வந்தான். "அம்மா, நீங்க மாட்டின பைப்தானே இது? என்ட பிள்ளையள் உள்ளுக்க இருந்தவை!" என்றான். சாவியை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பிள்ளைகளின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சே, என்ன பிறவி நான்!

அப்புறம் நீங்கள் வண்டி ஓட்டவே இல்லை. யாரோ ஒருவர் வந்து அதை வாங்கிப் போகும்வரை, நான் வரும்போதெல்லாம் மூடியைத் திறந்து வைத்து விரலை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். "விட்டிருக்கிறன்தானே..." என்று உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்வீர்கள். நான் உள்ளே போய்த் தேநீர் போடுவேன். எத்தனை தேநீர் போட்டேன் அக்கா, ஒரு வார்த்தை சொல்லாமல்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக் கேட்டீர்கள்.

"நான் ரெண்டு விரல் விட்டனான்தானே? நீர்தானே டோர்ச் பிடிச்சனீர்."

"ஆமாக்கா, விட்டீங்க."

"பிறகேன் பத்தினது?"

"பழைய வண்டிதானேக்கா."

"அப்ப என்ட கையிலதான் பிழைபோல" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். மறு வாரம் போய்விட்டீர்கள். சடங்குக்கு வந்தவர்களிடம் உங்கள் மகன் "அம்மாட ரிப்பேர்" கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்று கருகிய சால்வையை மடியில் வைத்துக்கொண்டு அவனுக்கு ஃபோன் செய்தேன். போர்வை, மாவு, பள்ளம், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அம்மா இருக்கேக்க சொல்லியிருக்கலாமே, ஆன்ட்டி" என்றான், மெதுவாக. நான் அழுதேன். அவனே ஃபோனை வைத்தான்.

நீங்கள் கேட்ட கேள்வி மட்டும் என்னிடமே கிடக்கிறது அக்கா. தினமும் அதற்குப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

விட்டீங்கக்கா. சரியா ரெண்டு விரல் விட்டீங்க. அடைச்சது நான்.