கராஜில் குடித்த காபி

மான்டி, யூட்டா
நவம்பர் 8

அன்பு மகள் மெரிந்தாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன், நீயும் அந்தக் கடலோரக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் முழங்காலில் நின்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்து அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, நீ சபையின் மிஷன் ஊழியத்துக்காக உருகுவேயில் இருந்த பதினெட்டு மாதமும் வாரம் தவறாமல் அப்படி எழுதிப் பழகிய கை, ஆனால் இந்தத் தடவை அந்த வரியை எழுத முடியவில்லை. பயந்துவிடாதே, அப்பா நடமாட்டத்தோடுதான் இருக்கிறார், இப்போதுகூட முன்னறையில் உட்கார்ந்து ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருக்கிறார். போனில் சொல்லலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். ஆரம்பித்தாலே அழுதுவிடுவேன், நான் அழுதால் உனக்கு ஒன்றும் புரியாது. அதனால் எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து நிதானமாகப் படி.

நீ அனுப்பிய படம் வந்தது, நெஞ்சில் நம்பரைக் குத்திக்கொண்டு மழையில் ஓடுகிற படம், இருபத்தாறு மைல் ஓடிவிட்டு ஒரு மனுஷி எப்படிச் சிரிக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. கால் நகம் இரண்டு கழன்றுவிட்டது என்று சாதாரணமாக எழுதியிருக்கிறாய். மருந்து போட்டாயா, கொஞ்சம் பெரிய ஷூவாக வாங்கு. அந்தப் படத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அப்பா பார்த்தார், கிழித்துப் போடவில்லை. அன்றிலிருந்து ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் கதவை ஒரு வினாடி கூடுதலாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் பார்க்காத மாதிரி போய்விடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் வான்கோழி ஆலையில் வருஷாவருஷம் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் அப்பாவுக்கு ஈரல் கணக்கு சரியில்லை என்று வந்திருக்கிறது. இங்கே கிளினிக்கில் இருக்கிற டாக்டர் அவரை உட்காரவைத்து முதலில் கேட்ட கேள்வி, வாரத்துக்கு எத்தனை கிளாஸ் குடிப்பீர்கள் என்பது. உன் அப்பாவிடம், மெரிந்தா. அறுபத்து மூன்று வயதில் பீர் பாட்டிலைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனுஷனிடம். நம் சபையில் பிஷப்புக்கு உதவியாளராக இருந்து, கோயிலுக்குள் போக அனுமதிச் சீட்டு கேட்டு வருகிறவர்களை அந்தச் சின்ன அறையில் உட்காரவைத்து, ஞான வார்த்தையின்படி நடக்கிறீர்களா, மது இல்லை, புகையிலை இல்லை, காபி டீ இல்லைதானே என்று கேட்கிற இடத்தில் இருப்பவரிடம். எழுந்து வந்துவிட்டாராம். என்னிடம் பித்தப்பையில் கல், தானாகக் கரைந்துவிடும் என்று சொல்லிவிட்டார், நானும் மண்டு மாதிரி நம்பிவிட்டேன். மறுபடி வரச் சொல்லி கிளினிக்கிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள், போகவில்லை. ஏன் என்றால் அங்கே முன்மேஜையில் உட்கார்ந்திருப்பது நோலா, பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பாளே, அவள். நோலா யாரிடமும் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரிந்துவிடுமே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் கடைசியில் அவருடைய வேதப் புத்தகப் பையில் மூக்குக் கண்ணாடி தேடப்போய் அந்த ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை எடுத்தேன். எட்டு மாதம், மெரிந்தா. ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நடந்து வந்திருக்கிறார். கேட்டதும் கோபப்படுவார் என்று நினைத்தேன், கட்டிலில் உட்கார்ந்து ஷூ நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்லோவை ஞாபகம் இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடு, ஆறு வருஷம் முன்னால் ஈரல் கெட்டுப் போனாரே. அந்தச் சாவுக்கு நான்கூட உருளைக்கிழங்கு வேகவைத்து எடுத்துக்கொண்டு போனேன், அன்று காரில் திரும்பி வரும்போது அப்பா சொன்னது, "குடிக்காமலா ஈரல் கெடும், நமக்குத் தெரியாம குடிச்சிருப்பான்." ஆர்லோ குடித்தாரா இல்லையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இப்போது அதே வார்த்தையை ஊரெல்லாம் தன்னைப் பற்றிச் சொல்லும் என்று இவர் நினைக்கிறார். ஆர்லோவின் மனைவி முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று என்னிடம் கேட்டார்.

நான் விடவில்லை, ப்ரோவோவில் இருக்கிற பெரிய டாக்டரிடம் நேரம் வாங்கி நானே கார் ஓட்டிக்கொண்டு போனேன். உன் வயசுப் பெண், ஒல்லியாக, வளைத்துப் பேசத் தெரியாதவள். ஈரலில் கொழுப்பு ஏறி, தழும்பு விழ ஆரம்பித்துவிட்டது, இப்போது நிறுத்தினால் இழுத்துப் பிடிக்கலாம், இப்படியே போனால் மூன்று நான்கு வருஷத்தில் வேறு பேச்சுத்தான் பேச வேண்டியிருக்கும் என்றாள். குடி இல்லையே, பிறகு எப்படி என்று கேட்டேன். தினமும் என்ன குடிப்பார் என்று திருப்பிக் கேட்டாள். சொன்னேன். உனக்குத் தெரியாததா, காலையில் ஆலைக்குப் போகிற வழியில் அந்த சோடாக் கடை ஜன்னலில் ஒன்று, திரும்பும்போது ஒன்று, லிட்டருக்கு மேல் கொள்ளுகிற குவளை, அதில் தேங்காய் சிரப்பு வேறு, க்ரீம் வேறு. கடைக்காரப் பெண்கள் அவர் வண்டியைப் பார்த்ததுமே ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அதோடு ஞாயிற்றுக்கிழமை சர்க்கரையும் பட்டைப் பொடியும் போட்டு நான் சுடுகிற ரொட்டிச் சுருள்கள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், நாற்பது வருஷமாக அவருக்குப் பரிமாறினது இந்தக் கைதானே.

சோடாவை அடியோடு விட வேண்டும், இருபத்தெட்டு பவுண்டாவது குறைய வேண்டும், தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும், பட்டினி கிடக்கக் கூடாது. இது வரைக்கும் தலையாட்டினார். அப்புறம் அவள், சர்க்கரை போடாத காபி தினம் இரண்டு மூன்று கப் குடித்தால் இந்த மாதிரி ஈரலுக்கு நல்லது, நான் என் நோயாளிகளுக்கெல்லாம் சொல்வேன் என்றாள். அப்பா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "டாக்டரம்மா, நான் யாருன்னு தெரியாம பேசறீங்க" என்றார். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "உங்க ஈரலுக்கும் நீங்க யாருன்னு தெரியாது சார்" என்றாள்.

திரும்பி வருகிற ஒன்றரை மணி நேரமும் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு யோசித்தபடியே வந்தேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஞான வார்த்தை விதியைக் காப்பவர்கள் ஓடினாலும் களைக்கமாட்டார்கள் என்றுதானே நமக்கு வாக்கு. நீ சபையை விட்டுவிட்டுப் போனவள், காலையில் காபி குடித்துவிட்டு இருபத்தாறு மைல் ஓடுகிறாய். அவர் ஒரு நாள் தவறாதவர், கோயில் குன்றின் படியில் பாதியில் நின்று மலையைப் பார்க்கிற மாதிரி மூச்சு வாங்குகிறார். அதே விதியில் இறைச்சி கொஞ்சமாக என்றும் இருக்கிறது, தானியமும் பருவத்துப் பழமும் என்று இருக்கிறது, அதை யாரும் அந்தச் சின்ன அறையில் கேட்பதில்லை, அதனால் நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. வேட்டைக்குப் போய் மான் அடித்து ஃப்ரீசரை நிரப்பினோம். எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்துவிடாதே, போகவில்லை. ஆனால் ஒரு பூட்டைப் போட்டுவிட்டு எல்லா ஜன்னலையும் திறந்துவைத்த மாதிரி இருந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

நடக்கிறார். ஆனால் தெருவில் நடக்கமாட்டார், பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்களாம். வீட்டுக்குப் பின்னால் குதிரை லாயத்தை ஒட்டிய மண்பாதையில் நடக்கிறோம், நானும் கூடவே. வேலி வரைக்கும் போவதற்குள் மூச்சு முட்டும், முட்டியதும் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்து, இது தளர்ந்துபோச்சு, சரி பண்ணணும் என்பார். மெரிந்தா, அந்த வேலியில் தளர்ந்த கம்பி ஒன்றுகூட இல்லை. சரிங்க, பண்ணிடலாம் என்பேன்.

போன ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு, சபையில் எல்லாரும் உபவாசம் இருக்கிற நாள். டாக்டர் அத்தனை சொல்லியும், உபவாசம் இருக்காமல் மேடையில் உட்காரமாட்டேன் என்று முந்தின நாள் மதியத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. சபையில் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் முகம் வெளுத்துப்போவதைக் கீழேயிருந்து பார்த்தேன், நான் எழுவதற்குள் சாய்ந்துவிட்டார். முதலில் ஓடினது நோலாதான், கைப்பையிலிருந்து குழந்தைகளுக்கு வைத்திருந்த ஜூஸ் பெட்டியை எடுத்து ஸ்ட்ராவைக் குத்தி அவர் வாயில் வைத்தாள். அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள், "பிப்ரவரியிலேருந்து இவருக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன், ஆர்டித். ஒரு நாளாவது அந்தக் கதவைத் திறந்துக்கிட்டு வருவார்னு பாத்தேன்." நான் அவள் தோளில் முகத்தைப் புதைத்து அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது. அன்று சாயங்காலமே பிஷப் ஸோரன்சன் வீட்டுக்கு வந்தார், முப்பத்தெட்டு வயசு, அப்பா அவரைத் தனியாக இருக்கும்போது பையன் என்றுதான் சொல்வார். அந்தப் பையன் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார், காகிதம், கிளினிக், காபி, கடைசியில் ஆர்லோவைப் பற்றித் தான் சொன்னதையும். பதவியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிஷப் எடுக்கவில்லை. மருந்து என்று டாக்டர் கொடுத்தால் அது மருந்து, அதை நான் கேள்வியாகக் கேட்கமாட்டேன் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்த சோடாவைப் பத்திக் கேக்கலாம்தான் பிரதர், கேட்டா நானும் மாட்டிக்குவேன்" என்றார். அப்பா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான், ஒரு மாதத்துக்குப் பிறகு. மறுநாள் காலை தனியாக ஆர்லோவின் மனைவி வீட்டுக்கு நடந்தே போனார். தெரு வழியாக. என்ன பேசினார் என்று இன்னும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் காபி வாங்க அடுத்த ஊரான நீஃபை வரைக்கும் போனேன், இங்கே கடையில் வாங்கினால் பில் போடுகிற பெண் நான் ஞாயிறு வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்தவள். அறுபத்தொரு வயசில் திருடி மாதிரி ஒரு பையை மாவுப் பைக்கு அடியில் ஒளித்துவைத்து வாங்கி வந்தேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் பொடி இல்லை, கொட்டை. வறுத்த கொட்டை. அதை அரைக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

நேற்று சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் அப்பா, அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வா என்றார். எந்தப் பாத்திரம் என்று கேட்டேன். "கீழே கோதுமை டின்னுக்குப் பின்னாடி நீ ஒளிச்சு வச்சிருக்கியே, அவளோடது" என்றார். மூன்று வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வருஷம் நன்றி நாள் விருந்துக்கு வந்து நீ விட்டுவிட்டுப் போன அந்தச் சின்ன அலுமினியக் காபிப் பாத்திரம்தான், மேலே ஒன்று கீழே ஒன்றாகத் திருகி மாட்டுவது. அன்று அந்த வாசனை என் வீட்டுக்குள்ள வேண்டாம் என்று அவர் கத்தினதும், நீ சின்ன அடுப்பைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போய், பனிக்காற்றில் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்று குடித்ததும், நான் சமையலறை ஜன்னலிலிருந்து உன் முதுகைப் பார்த்தும் வெளியே வராமல் இருந்ததும் என் கண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறது. வந்திருக்க வேண்டும், கண்ணு. உன் பக்கத்தில் வந்து நின்றிருக்க வேண்டும். அப்பாவைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை.

அவர் அதைத் திருகிக் கழற்றினார், மறுபடி மாட்டினார், சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெட்டில் பார்க்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். "அவளைக் கேளு. அவளுக்குத் தெரியும்" என்றார். மூன்று வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை இதுதான், நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அதனால் கேட்கிறேன். கீழ்ப்பாத்திரத்தில் தண்ணீர் எது வரைக்கும், பொடி எத்தனை ஸ்பூன், அடுப்பு எவ்வளவு நேரம். கோதுமை அரைக்கிற மெஷினில் இந்தக் கொட்டையை அரைக்கலாமா, அரைத்தால் அப்புறம் ரொட்டியில் வாசனை வருமா. பிசியோதெரபி படித்தவள் நீ, வேலி வரைக்கும் போய் மூச்சு வாங்குகிறவர் எப்படி ஆரம்பிக்க வேண்டும், வாரத்துக்கு எவ்வளவு கூட்ட வேண்டும், நெஞ்சு படபடத்தால் நிற்க வேண்டுமா நடக்க வேண்டுமா, எல்லாம் விவரமாக எழுது. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, மெரிந்தா. காலையில் எழுந்ததும் முதலில் அவர் கண் மஞ்சளாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன், அவருக்குத் தெரியாமல். கிறிஸ்துமஸுக்கு வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை, உன் பேருக்கு ஒரு கட்டில் எப்போதும் விரித்திருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

கடவுள் உன் காலையும் மூச்சையும் உன் மனசையும் காப்பாற்றட்டும், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் அம்மாவின் ஜெபம் உன் கூடவே ஓடும். வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நடக்காதே. நகத்துக்கு மருந்து போடு.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஆர்டித்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு மடிக்கப் போகும்போது அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்றார், எவ்வளவு நேரமாக நின்று படித்தார் என்று தெரியவில்லை. முடித்துவிட்டாயா என்றார். முடித்துவிட்டேன், ஏதாவது சேர்க்க வேண்டுமா என்றேன். ஃப்ரிட்ஜ் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். "அவ வந்தா கராஜுக்குப் போக வேண்டாம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.